நாலு விரல் இடம்

இரண்டு முழங்கால்களையும் சேர்த்துப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரை அடிமட்டம் வரை குடித்துவிடுகிறார். இனி நான்கு மணி நேரம் கால்கள் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். விமானத்தின் உட்புறத்தை வடிவமைக்கும் அவரைப் பட்டறையில் எல்லோரும் அக்கா என்பார்கள்.

மூலையில் நிற்பது ஒட்டுப்பலகையில் செய்த மாதிரி விமானம். சில வரிசை இருக்கைகள், ஒரு கழிப்பறை, இறக்கை கிடையாது. "அக்கா ஏறிட்டாங்க. இனி மத்தியானந்தான் எறங்குவாங்க" என்று தச்சர் சிரிப்பார். உள்ளே பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒடுங்கிய சக்கர நாற்காலியிலிருந்து கைகளை மட்டும் ஊன்றிக் கழிப்பறை இருக்கைக்கு நகர்வார். முழங்கை சுவரில் இடிக்கும். இடித்த இடத்தில் சாக்பீஸ் கோடு. சுவரெல்லாம் கோடுகள்.

அக்காவின் தம்பி கடல் கடந்து இருக்கிறார். அவருக்குக் கால்கள் விளங்காது. "விமானத்துல பதினோரு மணி நேரம்க்கா. அந்தக் கழிப்பறைக்குள்ள என்னால நுழைய முடியாது. முந்தின நாளே தண்ணிய நிறுத்தணும். போன தடவ நாக்கு ஒட்டிக்கிச்சு. இனி என்னால ஆகாது" என்று அவர் சொல்லி ஒன்பது வருடமாகிறது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவருடைய சக்கர நாற்காலிக்காக இன்னும் நாற்காலி போடாமல் காலியாகவே கிடக்கிறது.

"தலையெழுத்து, என்ன பண்றது" என்று யாராவது உச்சுக்கொட்டினால் சுள்ளென்று விழுவார். "எழுத்தெல்லாம் ஒண்ணுமில்ல. வரைபடம். அந்தக் கழிப்பறைச் சுவர் நான் வரைஞ்சது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எடத்த மிச்சம் பிடிச்சேன்னு கைதட்டல் வேற வாங்கினேன்."

புது விமானத்தின் வரைபடம் முடிவாவதற்கு முந்தின நாள் மேலாளர் வந்தார். "சுவர நாலு விரல் தள்ளினா ஒரு வரிசை சீட்டே போயிடும்மா. விட்டுடுங்க."

அக்கா வாதாடவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்தார், கால்களைக் கட்டினார், பாட்டிலை நீட்டினார்.

"குடிங்க சார். பதினோரு மணி நேரம்."

மேலாளர் மூடியைத் திருகினார். சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார். மூடியைத் திரும்பவும் மூடினார்.

"இப்ப வேணாம்மா."

"என் தம்பியும் இதையேதான் சொல்வான்."

பட்டையை அவிழ்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்று போய்விட்டார் அவர்.

அக்கா திருப்புளியை எடுத்தார். கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தார். சுவரை நாலு விரல் தள்ளி முடுக்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தன் கால்களைக் கட்டிக்கொண்டு, மேலாளர் குடிக்காமல் வைத்துப்போன பாட்டிலைத் திறந்தார்.