சூடாமணி சேர்த்த முப்பது பேர்

என் தங்கை சூடாமணி, நடக்காது என்று மற்றவர்கள் சொன்ன பிறகு ஜெயித்தவை இவை: நாற்பத்தொன்றாம் வயதில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. மூன்றாம் முயற்சியில் ஸ்கூட்டர் லைசென்ஸ். கடைசியாக, வசனமே இல்லாத ஒரு பழைய பொம்மைப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முப்பது பேர்.

அவள் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆறு வருடமாக ஒரு ஃபிலிம் சொசைட்டியில் உறுப்பினர். பார்க்கும் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வாசல் பலகையில் குத்தி வைப்பாள், பெயர் போடமாட்டாள். மலையாளியான செயலாளர் வினீத் எழுதுவதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

"என் பேரைப் பார்த்தா யார் படிப்பா, அண்ணா?" என்பாள்.

அவளுக்கு உயிரான படம், அறுபது வருடத்துக்கு முன் வெளிநாட்டில் எடுத்தது. ஒரு பழங்காவியத்தின் குருட்டு மன்னர் தன் நாட்டை நடந்தே சுற்றிவரும் கதை. மன்னர், குதிரை எல்லாம் மரமும் துணியும். பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்துக் கோத்திருக்கிறார்கள். நொடிக்கு இருபத்துநான்கு, ஒரு நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது படம். நானும் பெருக்கிப் பார்த்தேன், சரிதான்.

"மன்னர் சால்வையைப் பாரேன் அண்ணா, ரோமம் சிலிர்த்துண்டே இருக்கு. நகர்த்தினவா விரல் பட்ட அடையாளம்!"

ஆனால் வினீத் கறாராகச் சொல்லிவிட்டார். "சேச்சி, போன தடவை ஏழு பேருதான். இந்தத் தடவை முப்பது ஆளு கடைசி வரைக்கும் இருக்கணும். இல்லேன்னா இனி இந்தப் படம் வேண்டான்னு கமிட்டி தீர்மானம்."

நவராத்திரி முழுக்க, வலியசாலையில் எங்கள் வீட்டுக் கொலு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஒரு அழைப்புச் சீட்டும் கொடுத்தாள். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி முப்பத்தொரு பேர் வந்தார்கள். வாசலில் நின்று எண்ணியது நான்.

பாதிப் படத்தில் மன்னர் களைத்துப்போய்ப் பனியில் படுத்தார். எங்கள் வழக்கத்தில் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று அர்த்தம். முன்வரிசை ஜானவி மாமி எழுந்து புடவையை உதறினாள். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். இருட்டில் இரண்டு பேர் மங்களமே பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

சூடாமணி திரைக்கு முன்னால் ஓடினாள். "மாமி, உட்காருங்கோ! கொலு முடியலை. தூங்கறார், அவ்வளவுதான். சால்வையைப் பாருங்கோ!"

எல்லோரும் நின்றபடியே பார்த்தார்கள். சால்வை மெல்ல ஏறியது, இறங்கியது.

"அட, மூச்சு விடறாரேடீ!" என்றாள் ஜானவி மாமி. "மரக்கட்டை மூச்சு விடறதே!"

அவள் உட்கார்ந்தாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. மன்னரின் சுண்டுவிரல் முதலில் அசைந்தபோது யாரோ கை தட்டினார்கள். விளக்குப் போட்டதும் எண்ணினேன். முப்பது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர்தான் போயிருந்தார்.

பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் பலகையில் இருந்த தாளை முழுக்கப் படித்தாள். "அந்தச் சால்வைக் காரியமெல்லாம் இதுல இருக்கே. எழுதினது யாரு?"

வினீத் சூடாமணியைக் காட்டினார்.

"நீயா மக்களே? பேரு போடாம வச்சா இந்தப் பயல் எழுதினதுன்னுல்லா நெனச்சோம்!"

வினீத் சிரித்துக்கொண்டே தன் பேனாவை நீட்டினார். சூடாமணி தாளைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்: சூடாமணி, வலியசாலை, 12.10.2025.