பூட்டிய கதவும் ஒரு புகாரும்

மதியச் சாப்பாட்டுக்குக் கயல்விழி சைக்கிளில் வந்து இறங்கியபோது, வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரரும் கையில் ஃபைலோடு ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது. கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி கயல்விழியின் இடுப்பில்.

"உள்ள யாரு?" என்று அந்தப் பெண் கேட்டார். சமூகநல அலுவலகத்திலிருந்து வந்தவர், பெயர் பிரிசில்லா.

"எங்கம்மா, மேடம்."

"தெறங்க."

கயல்விழி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். போலீஸ்காரர் அதை வாங்கித் திறந்தார்.

கயல்விழிக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். அம்மா கொளஞ்சியம்மாளுக்கு எழுபத்தெட்டு. நினைவு தப்பி மூன்று வருடம் ஆகிறது. ஒரு காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் ரயில் தண்டவாளத்தின் நடுவே நடந்துகொண்டிருந்தார். ரயில்வே கேட்டில் இருந்தவர் ஓடிப்போய் இழுத்து வந்தார். மறுநாளிலிருந்துதான் இந்தப் பூட்டு. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை சாப்பிடுகிறார். கட்டிலில் லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிக் கறுத்துவிடும்.

அன்றும் இரண்டு கைகளிலும் கறுத்த தடங்கள் இருந்தன. பிரிசில்லா ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்தார். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உங்கள யாராவது அடிக்கிறாங்களா?"

"அடிப்பாங்க" என்றார் கொளஞ்சியம்மாள். "சத்தம் போட்டா இன்னும் ஜாஸ்தி அடிப்பாங்க."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது.

"பூட்டி வச்சி அடிக்கிறதா ஹெல்ப்லைன்ல புகார் வந்திருக்கு" என்றார் பிரிசில்லா. "யாருன்னு சொல்லக் கூடாது. மூத்த குடிமக்கள் சட்டத்துல கோட்டாட்சியர் விசாரிப்பாரு. அடிச்சது உறுதியாச்சின்னா போலீஸ் கேஸ் தனியா வரும். வர்ற வெள்ளிக்கெழம அம்மாவ கூட்டிகிட்டு வாங்க."

"வக்கீல் வைக்கணுமா, மேடம்?"

"தேவையில்ல, நீங்களே பேசலாம். ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் எடுத்துகிட்டு வாங்க. அதுவரைக்கும் அவுங்கள தனியா உட்டுட்டுப் போவாதீங்க."

கடைக்கு லீவு சொன்னாள். அம்மாவைத் தொடவே பயமாக இருந்தது. குளிப்பாட்டும்போது கையைப் பிடிக்காவிட்டால் வழுக்கி விழுவார். பிடித்தால் தடம் விழும். வெளியே ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் வாசலைப் பார்த்தாள்.

அம்மா யாரைச் சொன்னார் என்பது கயல்விழிக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் இறந்துபோன அப்பா சாமிக்கண்ணுவை. ஊரே மதித்த வாத்தியார். வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது ஆள் தம்பி எழிலன். கடலூர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அவனுக்குப் போன் செய்தாள்.

"அம்மா அப்பாவத்தான்டா சொல்லுது. நீ வந்து சொன்னாதான் நம்புவாங்க."

"அப்பாவப் பத்தி ஆபீஸ்ல போயி சொல்லணுமா? அவுருகிட்ட படிச்சவங்க இன்னும் என்ன நிறுத்திக் கும்புடுறாங்கக்கா. எம் புள்ளைங்களுக்கே தெரியாது."

"நான் ஜெயிலுக்குப் போறது தெரியலாமா?"

"பாக்குறேன்" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கோட்டாட்சியர் அறையில், கடைசி நாற்காலிக்குப் பின்னால் எழிலன் நின்றிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டுக் கோட்டாட்சியர் நிமிர்ந்தார். "கன்றிப்போறதுக்கு மாத்திரை காரணமா இருக்கலாம். சரி. ஆனா அடிக்கிறாங்கன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்களே?"

"அது... எங்கப்பா, சார்."

"இல்லாதவரு மேல பழியப் போடறது சுலபம்மா."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். அப்போது பிரிசில்லா அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, எப்ப அடிப்பாங்க?"

"ஸ்கூல் உட்டு வந்ததும். பெல்ட்ட கழட்டுவாரு."

"அப்ப உங்க பொண்ணு எங்க இருப்பா?"

"பீரோவுக்குப் பின்னால. தம்பி அழுவாம இருக்க அவன் வாயப் பொத்திகிட்டு ஒக்காந்திருப்பா. பாவம், சின்னதுங்க."

பின்னாலிருந்து எழிலனின் குரல் உடைந்து வந்தது. "நெசந்தான், சார். நான்தான் அந்தத் தம்பி."

கயல்விழி அடித்தாள் என்ற குற்றச்சாட்டு அத்தோடு கைவிடப்பட்டது. ஆனால் கோட்டாட்சியர் பூட்டை விடவில்லை.

"பயத்துல பூட்டினாலும் பூட்டுனது தப்புதான். உள்ள தீப்புடிச்சிருந்தா?"

மூன்று வருடமாக, புடவையை விரித்துக் காட்டும்போதெல்லாம் கயல்விழியே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

இனி கதவைப் பூட்டக் கூடாது, மாதத்தில் பத்து நாள் எழிலன் அம்மாவை வைத்துப் பார்க்க வேண்டும், பிரிசில்லா சொல்லாமல் வந்து பார்ப்பார் என்று உத்தரவானது. கயல்விழி அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். அந்த அரை நாளுக்கும் அம்மாவோடு இருக்கப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள்.

புகார் கொடுத்தது யாரென்று இதுவரை தெரியாது. கொஞ்ச நாள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள், பிறகு விட்டுவிட்டாள். யாராக இருந்தாலும் அவர்கள் பார்த்த பூட்டு பொய்யில்லையே.

பயம் மட்டும் போகவில்லை. பிரிசில்லா வந்தால் இப்போதெல்லாம் சிரித்துத்தான் பேசுகிறார், காபிகூடக் குடிக்கிறார். ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கயல்விழி அம்மாவின் இரண்டு கைகளையும் தானே நீட்டிக் காட்டிவிடுகிறாள்.