ஒரே அலைவரிசையில் இரண்டு கார்கள்

முதலில் மோட்டார்மேல்தான் சந்தேகப்பட்டேன்.

ராயபுரத்தில் ஒரு சந்தில், மாடி அறையில் தனியாகக் குடியிருந்த காலம். பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி. சந்து வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் வேலை முடிந்து வருவேன். சந்து வீடு திரும்பும்போது நான் கிளம்பிவிடுவேன். சில நாட்களில் நான் வாய்விட்டுப் பேசியது டீக்கடையில் சொன்ன "சர்க்கரை கம்மி" மட்டும்தான்.

ரிமோட்டில் ஓடும் அந்தக் காரை பர்மா பஜாரில் வாங்கினேன். யாரோ ஓட்டிப் பழசாக்கியது. முழங்கை நீளம், முள் டயர்கள், மண்ணிலும் கல்லிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிடங்கை இடித்துத் தள்ளியிருந்தார்கள். அந்தக் காலி மனையில் செங்கல் தூளும் கருவேலஞ்செடியும் துறைமுக லாரிகள் உதிர்த்த நிலக்கரித் தூசும் கிடக்கும். மத்தியானம் தூங்கி எழுந்ததும் அங்கே போய் ஓட்டுவேன். நேராகப் போய்க்கொண்டிருக்கும் கார் திடீரென்று இடது பக்கம் வெட்டும். தூரம் போகப்போக வெட்டு அதிகமாகும்.

பழைய வகை மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். உரசலில் பொறி பறக்கும், பொறி ரேடியோவைக் குழப்பும் என்று படித்திருந்தேன். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் கிடையாது, உரசல் கிடையாது. ஹாங்காங்கிலிருந்து தபாலில் ஒன்றை வரவழைத்தேன். அதற்கென்று தனி கன்ட்ரோலரும் வந்தது. பழைய மோட்டாரைக் கழற்றி, பல்சக்கரத்தை மாற்றி, ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பழையதற்கு இரண்டு ஒயர், இதற்கு மூன்று. முதல் தடவை முடுக்கியபோது கார் பின்பக்கமாகப் பாய்ந்து கட்டில் காலில் மோதியது. மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

அதற்காக மோட்டார் ஒயர்களைக் கழற்றி, ரிமோட்டையும் அணைத்து வைத்திருந்தேன். காரின் பேட்டரியை மட்டும் கழற்றவில்லை. அப்போது மேஜைமேல் இருந்த காரின் முன்சக்கரங்கள் இடது பக்கம் திரும்பின. நின்றன. வலது பக்கம் திரும்பின.

மோட்டாரோ இணைப்பில் இல்லை, ரிமோட்டோ அணைந்திருக்கிறது. அப்படியென்றால் வேறு யாரோ திருப்புகிறார்கள். என் காரின் அதே அலைவரிசையில், கூப்பிடு தூரத்தில், இன்னொருவர் இன்னொரு காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடமாக அந்தச் சந்தில் எனக்கு ஒரு ஆளைக்கூடத் தெரியாது. இந்த ஒரு ஆளைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று தோன்றியது.

சில நாட்கள் கவனித்தேன். தினமும் நாலு மணி வாக்கில்தான் அந்த ஆட்டம் வந்தது. எப்போதும் முதலில் இடது, பிறகு வலது. ஒருநாள் அந்த நேரத்தில் காரைக் கையில் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினேன். சக்கரம் வேகமாக ஆடிய திசையில் நடந்தேன். ஆட்டம் குறைந்தால் திரும்பினேன். முனையில் இஸ்திரி போடுகிறவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், வண்டிக்கு வலிப்பா? கையில இரும்பு குடு, நிக்கும். என்னாண்ட பொட்டி கீது, தரட்டா?"

சிரிக்க எனக்கு நேரமில்லை. நாலு வீடு தள்ளி ஒரு மொட்டைமாடிக்குக் கீழே சக்கரங்கள் அடித்துக்கொண்டன. படியேறினேன்.

மாடியில் லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிஸ்கட் டின். அதன்மேல் சிவப்பு பொம்மைக் கார் ஒன்று, சக்கரங்கள் தரையில் படாமல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டவில்லை. சுற்றவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு நீ?" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "இது இன்னா, உன் புள்ளையுதா?"

"என்னுதுதான் ஐயா."

"உன்னுதா? வயசு இன்னா ஆவுது உனக்கு?"

துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் மஸ்கட்டில். பேரன் விட்டுப்போன கார் அது. "எதையும் சும்மா நிறுத்தி வெச்சா ஜாமாயிடும் நைனா. தெனம் ஒரு தபா சுத்த வுடணும். அவன் வந்து கேக்கசொல்ல ஓடலன்னா எனக்கு அசிங்கம்."

இடது, வலது, முன்னே, பின்னே. அது விளையாட்டில்லை, பராமரிப்பு. என்னைப் போன்ற ஒருவரைத் தேடித்தான் வந்திருந்தேன். அவர் அப்படிப்பட்டவரில்லை. ஆனாலும் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன்.

இரண்டு காரும் ஒரே அலைவரிசை, ஒன்று ஓடும்போது மற்றது ஓடக்கூடாது என்று விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் என் காரிலும் ரிமோட்டிலும் கிரிஸ்டல் என்ற சின்னப் பாகத்தை மாற்றிவிட்டால் அலைவரிசை மாறிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிட்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் முடிகிற வேலை. அதைச் சொல்லவில்லை. "நீங்க முடிச்சப்புறம் நான் ஓட்டிக்கறேன். தினமும் வந்து கேட்டுக்கறேன்" என்றேன்.

அப்படியே நடந்தது. நாலு மணிக்குப் படியேறி, "ஓட்டலாமா ஐயா?" என்பேன்.

"இரு, இன்னும் ரிவர்ஸ் பாக்கல" என்பார். பிறகு வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் காட்டி ஏதாவது சொல்வார். என் பத்திரிகையில் வந்த செய்தி பொய் என்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வஞ்சிரம் ஏன் வரவில்லை என்று பேச்சு போகும். பல நாட்கள் ஓட்ட நேரமில்லாமலே வேலைக்குக் கிளம்பியிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்தான். குடும்பம் இருக்கும்போது போகக் கூடாது என்று ஒதுங்கியிருந்தேன். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு காரோடு படியேறினேன். முக்காலியில் பெரியவர் மட்டும் இருந்தார். பிஸ்கட் டின்னைக் காணவில்லை.

"ஓட்டலாமா ஐயா?"

"தோள் ஒசரம் வந்துட்டான் நைனா. கம்ப்யூட்டர்லயே ரேஸ் உடுறானாம். இத்தப் பாத்து சிரிச்சான். பேட்டரிய கழட்டி பரண்மேல போட்டுட்டேன். இனிமே நீ வந்து கேக்கவே வாணாம். எப்ப வோணா ஓட்டு."

எனக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னார்.

"கீழே வந்து என் வண்டி ஓடறதைப் பாக்கறீங்களா? புது மோட்டார் போட்ட வண்டி, ஓடி நீங்க பாத்ததே இல்ல."

"எனக்கு இன்னாத்துக்கு நைனா அது" என்றார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

மனைக்குப் போய்க் காரை இறக்கி முழு வேகத்தில் விட்டேன். அந்த மோட்டாருக்குச் சத்தமே குறைவு. செங்கல் தூளைப் பின்னால் பறக்கவிட்டுக்கொண்டு நேராகப் போனது. கடைசிச் சுவர் வரை ஒரு வெட்டு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. திருப்பிக் கொண்டுவர எனக்கு அவசரமும் இல்லை. அலுவலகம் கிளம்ப இன்னும் நிறைய நேரம் இருந்தது.