பித்தளைக் கிளிப்பும் சணல் கயிறும்

காலேஜ் அட்மிஷன் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு முதல் வாரத்திலேயே "இல்லை" என்பதைப் பதினாலு விதமாகச் சொல்ல வந்துவிடும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த ஜன்னலுக்கு வெளியே கால் கடுக்க நின்றவர்கள். மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து வசவு வாங்கியவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அநியாயம் நடந்தது விமலாவுக்கு. ஸ்ரீராமபுரத்துப் பெண், எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு. எங்கள் காலேஜுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள் அவளுடைய அக்கா. அந்தப் பேரால் வந்த கூட்டத்தைக் காரணம் காட்டித் தங்கைக்கு இடமில்லை என்று சொன்னோம். "சொன்னோம்" என்கிறேன், அதில் நானும் சேர்த்தி.

புது பெஞ்சு

ஐந்து வருஷத்துக்கு முன் மல்லேஸ்வரத்தில் எங்கள் பெண்கள் காலேஜைத் திறந்தபோது சீண்டுவாரில்லை. ஹெட் கிளார்க் நஞ்சுண்டய்யா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவார். கொடியில் தாவணி காய்ந்தால் போதும், படிக்கிற வயசில் பெண் இருக்கிறாள் என்று உள்ளே நுழைந்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

விண்ணப்பத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு: "காலேஜுக்குத் தெரிந்த கௌரவமான நபரின் கையெழுத்து." யாரைப் போய்க் கேட்பது என்று அப்பா விழித்தார். நஞ்சுண்டய்யா பேனாவைத் திறந்து தானே போட்டுவிட்டார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மில் தொழிலாளியின் மகள் சரோஜாவுக்கும் அதே பேனா, அதே கையெழுத்து. அப்பா அப்போதும் தயங்கினார். நஞ்சுண்டய்யா கடைசி அஸ்திரத்தை எடுத்தார்:

"தைரியமா அனுப்பிக் கொடுங்கோ சார். பெஞ்ச் எல்லாம் ஹொசது, புத்தம் புதுசு. இதுவரைக்கும் யாரும் உக்காந்ததே இல்லே."

ரேங்க் வந்தது, கூட்டம் வந்தது

போன வருஷம் பி.எஸ்ஸி.யில் சரோஜாவுக்கு ரேங்க். பேப்பரில் படம் வந்தது. அவள் எம்.எஸ்ஸி. படிக்க மைசூருக்குப் போய்விட்டாள். படம் மட்டும் எங்கள் பிராஸ்பெக்டஸின் முதல் பக்கத்தில் தங்கிவிட்டது. இந்த வருஷம் எம்.ஏ. லீவில் மூன்று மாத வேலைக்கு நான் ஜன்னலில் உட்கார்ந்தபோது வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. வாத்தியார்கள் அதே வாத்தியார்கள். லாபரேட்டரியில் ஒழுகுகிற குழாய்கூட அதே குழாய். ஒரு படம் மாற்றிவிட்டது எல்லாவற்றையும்.

"இங்கே என்னென்ன பாடம் இருக்கு என்று பார்த்தீர்களா?" என்று ஓர் அம்மாளிடம் கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்பது போல் கையை வீசினார்.

"அந்த ரேங்க் பொண்ணு எந்த பெஞ்சுல உக்காந்தாளோ, அதுலயே எங்க பத்மாவுக்கு ஒரு இடம் போட்டுடும்மா. பாடம் எதுவானாலும் பரவாயில்லை."

கையெழுத்து வேட்டை

கூட்டம் வந்ததும் அந்தப் பழைய கட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. பெரிய மனிதர் கையெழுத்து இருந்தால் விண்ணப்பத்துக்குப் பித்தளைக் கிளிப். பிரின்சிபால் அறைக்குப் போகும். தெரியாத கையெழுத்து என்றால் சணல் கயிறு. பீரோவின் தலைமேல் ஏறும். மார்க்கை யார் பார்த்தார்கள்? இது எந்த ஊர் நியாயம் என்று நஞ்சுண்டய்யாவிடம் சண்டை போட்டேன். "ஆர்டர் அம்மா, ஆர்டர்" என்று காதை மூடிக்கொண்டார்.

ரிடையரான பெரிய அதிகாரி ஒருவரின் கையெழுத்து ஒரே காலையில் ஏழு விண்ணப்பங்களில் வந்தது. ஏழாவது தகப்பனாரிடம் கேட்டேவிட்டேன்: "அவருக்கு உங்கள் பெண்ணைத் தெரியுமா?" மனிதர் கொஞ்சமும் கூசவில்லை.

"பொண்ணு என்னம்மா, என்னையே தெரியாது. அவர் கார் டிரைவரும் நானும் ஒரே வீதி."

விமலா வந்தாள்

லிஸ்ட் ஒட்டிய மறுநாள் ஒல்லியாக ஒரு பெண் ஜன்னலில் வந்து நின்றாள். லிஸ்டில் பேர் இல்லையே, விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று கேட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி சணல் கட்டுகளைப் பிரித்தேன். மூன்றாவது கட்டில் இருந்தது. நல்ல மார்க். கட்டத்தில் மில் மேஸ்திரியின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்துப் போட்டது. கயிற்றின் முடிச்சு என் முடிச்சு. மேஸ்திரி என்று பார்த்ததும் மார்க்கைப் பார்க்காமலே கட்டியிருக்கிறேன்! ஊருக்கு நியாயம் பேசுகிற நான்.

தகப்பனார் பெயரைப் படித்ததும் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டேன். "நீ சரோஜாவின் தங்கையா? இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்றேன். அக்கா பேரைச் சொல்லி இடம் கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியனுப்பினார்களாம். பிரின்சிபாலிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. மேஜைமேல் அடுக்கியிருந்த பிராஸ்பெக்டஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒண்ணாவது குடுங்கக்கா. அக்கா படம் வந்திருக்குதாமே, அம்மா பாக்கணும்னாங்க."

பிரின்சிபால் அறையில்

அன்றே உள்ளே போனேன். பிரின்சிபால் அம்மாள் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். நிதானமாகக் கேட்டார், நிதானமாக மறுத்தார். "பேர் வாங்க ஒரு பொண்ணு போதும். அதைக் காப்பாத்த நூறு நல்ல குடும்பம் வேணும்" என்றார். விடியற்காலை சங்கு ஊதினால் மில்லுக்கு ஓடுகிறவன் குடும்பம் எந்த விதத்தில் நல்லதில்லை என்று கேட்டேன். "உனக்கு வக்கீல் வேலைதான் லாயக்கு" என்றார். சரி, அப்படியானால் பிராஸ்பெக்டஸில் முதல் பக்கம் எதற்கு, நானே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அதைக் கிழித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. பத்து நாள் கழித்து, கிளிப் போட்ட பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஓர் இடம் காலியானது. பிரின்சிபால் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்த ஸ்ரீராமபுரத்துப் பொண்ணுக்கு இடம் இருக்குன்னு சொல்லு. ஆனா நாம கூப்பிட்டதா இருக்க வேண்டாம். அவளே மறுபடி கேட்டதா ஒரு லெட்டர் எழுதி வாங்கிண்டு வந்துடு."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

சாயங்காலமே தண்டவாளத்தைத் தாண்டி ஸ்ரீராமபுரத்துக்கு ஓடினேன். விமலா அப்போதுதான் கையில் நோட்டுகளோடு வந்துகொண்டிருந்தாள். ராஜாஜிநகரில் பழைய அச்சாபீஸ் கட்டடம் ஒன்றில் புதுசாக ஒரு காலேஜ் திறந்திருக்கிறார்களாம். போன வாரம் சேர்ந்துவிட்டாள். அங்கே லாபரேட்டரி உண்டா, இங்கே உன் அக்கா படித்த இடம், யோசித்துப் பார், ஒரே ஒரு லெட்டர் போதும் என்று மூச்சுவிடாமல் வாதாடினேன். உன் விண்ணப்பத்தைக் கட்டி மேலே போட்டவள் நான்தான் என்பதையும் சொன்னேன். "அந்த முடிச்சை நீங்க ஒரே இழுப்புல அவுத்தப்பவே தெரிஞ்சுதுக்கா, கட்டினதும் நீங்கதான்னு" என்றாள். கோபமே இல்லை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நான் பிரின்சிபாலுக்கு என்ன போய்ச் சொல்லட்டும் என்று கேட்டேன். மூன்று மாதம் ஊருக்கெல்லாம் இல்லை சொன்ன எங்கள் காலேஜுக்கு, ஒரு பெண் இல்லை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்:

"எங்க கிளாஸ்ல மொத்தமே ஒம்போது பேருக்கா, நான் வந்துட்டா பிஸிக்ஸையே மூடிடுவாங்க. உங்க பிரின்சிபாலம்மாவுக்குத் தெரிஞ்ச பொண்ணு யாருக்காச்சும் இடம் கெடைக்கலேன்னா எங்ககிட்ட அனுப்பச் சொல்லுங்க. யார் கையெழுத்தும் வேணாம்."