மணிக்கொரு தரம் பச்சை விளக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டி கொரட்டூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வேலை போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளி போனிலேயே முடித்துவிட்டார். பஸ் வந்தது, ஏறவில்லை. இருந்த ஆத்திரத்துக்கு உட்கார முடிந்திருக்காது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன், ஓசூரில் லேத், நடுவில் ஒரு வருடம் லாரி கிளீனர். எங்கேயும் கால் தங்கியதில்லை. கம்பெனிகளில் இருக்கும் போன் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் இந்த வேலை மட்டும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு வால்வு கம்பெனி கெடுத்தது.

அங்கே வெளியிலிருந்து வருவது ஐ.எஸ்.டி.என். லைன். ஒரே லைனில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசலாம். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் இருப்பது அந்த நம்பர்தான் என்று விடாமல் வைத்திருந்தார்கள். அந்த லைனுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று எக்ஸ்சேஞ்ச் அதைத் தூங்க விட்டுவிடும். பெட்டியில் பச்சை விளக்கு அணைந்துவிடும். வெளியிலிருந்து அழைப்பு வந்தாலோ, உள்ளிருந்து டயல் செய்தாலோ, உடனே எழுந்துகொள்ளும். பச்சையும் எரியும். இதில் பழுது என்று ஒன்றும் இல்லை.

இதை அந்தக் கம்பெனி மேனேஜருக்கு மூன்று முறை சொல்லியிருந்தேன். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. கம்ப்ரசருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, போன் பெட்டிக்கு ஒன்று. மணிக்கொரு முறை வாட்ச்மேன் போய் போன் பெட்டியின் விளக்கைப் பார்க்க வேண்டும். பச்சை இல்லையென்றால் 'லைன் பழுது' என்று எழுதி, பெட்டியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பெட்டி எழுந்திருக்க ஆறு நிமிடம் ஆகும். எழுந்தவுடன் முதல் வேலையாக லைனை எழுப்பிப் பார்க்கும் என்பதால் பச்சை எரியும். 'சரி செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவார்கள். நன்றாக இருந்த லைனை மணிக்கு ஆறு நிமிடம் கொன்றுவிட்டு, பிழைக்க வைத்ததாகக் கணக்கு.

அன்று நான்காவது முறை போனபோது வாட்ச்மேன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, உன் லைனு மறுபடியும் புட்டுக்கிச்சு."

"புட்டுக்கல, தூங்கினு கீது. நீதான் மணிக்கொரு வாட்டி அத்த சாவடிக்கிற."

"நான் இன்னா நைனா பண்றது? நோட்டுல எழுதலன்னா மேனேஜரு என்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

உள்ளே டெலிபோன் ஆபரேட்டர் அக்கா அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர். பல வருடமாக அதே நாற்காலி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை என்று புகார் எழுதிவிட்டார். அக்காவுக்கு மெமோ வந்திருந்தது. மாலைக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை கிடையாது.

"மணி அடிச்சாத்தானே தம்பி எடுக்க முடியும்? பெட்டியை அணைச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னா, அது ரிப்பேர் பண்றதுங்கிறார் மேனேஜர்."

மெமோவை வாங்கிப் பார்த்தேன். எடுக்கப்படாத அழைப்புகளின் தேதியும் நேரமும் வரிசையாக இருந்தன. பதினொன்று மூன்று. பன்னிரண்டு இரண்டு. மூன்று ஐந்து. பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தேன். அந்தந்த நாளில், பதினொன்று, பன்னிரண்டு, மூன்று மணிக்கு 'லைன் பழுது' என்று வாட்ச்மேன் கையெழுத்து.

மேனேஜரைக் கூப்பிட்டேன். விளக்கு அணைந்திருந்தது. அவர் கண் முன்னாலேயே என் செல்போனிலிருந்து கம்பெனி நம்பருக்கு அடித்தேன். பச்சை எரிந்தது, அக்கா மேசையில் மணி அடித்தது.

"அது சரி. முதல்ல அணைஞ்சிருந்ததா இல்லையா?"

"அணைஞ்சிருந்தது சார். ஆனா லைன் இருக்கு."

"அணைஞ்சா எப்படிங்க இருக்கும்?"

"உங்க ஊட்டு ஃபிரிட்ஜு சத்தம் நின்னுச்சுன்னா, சுவிட்ச அணைச்சுப் போடுவீங்களா சார்?"

அவர் முகம் மாறிவிட்டது. "ரிப்போர்ட்ல 'பழுது இல்லை'ன்னு மட்டும் எழுதிட்டுக் கிளம்புங்க. மத்ததுக்கு அந்தம்மா பதில் சொல்லிக்கட்டும்."

பழுது இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பழி முழுக்க அக்காவின் தலையில். மெமோவில் இருந்த நேரங்களையும் பதிவேட்டில் இருந்த நேரங்களையும் அடுத்தடுத்து எழுதி, 'மேனேஜர் உத்தரவின்படி பெட்டி அணைக்கப்பட்டதால் இந்த அழைப்புகள் வரவில்லை' என்று முடித்தேன். எங்கள் ரிப்போர்ட்டில் வாடிக்கையாளர் சார்பாகக் கையெழுத்துப் போடுவது ஆபரேட்டர்தான். மஞ்சள் நகல் அவரிடமே இருக்கும். அக்கா கையெழுத்துப் போட்டு, மஞ்சளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கேட்டைத் தாண்டுவதற்குள் மேனேஜர் புகார் சொல்லி, என் முதலாளியின் போன் வந்துவிட்டது.

"இன்னா மாமே எழுதி வெச்சுகிற? பெட்டிய பாக்கச் சொன்னா மேனேஜர பாத்துனு வந்துகிற?"

"பழுது அங்கதான் கீது."

"நீ நாளைலேர்ந்து வராத."

கொரட்டூர் ஏரிக்கரை வந்ததும் கால் வலித்தது, உட்கார்ந்தேன். ஐந்தரை மணிக்கு அக்கா கூப்பிட்டார். மஞ்சள் நகலையும் பதிவேட்டையும் கம்பெனி முதலாளியின் மேசையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாராம். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "ஆமா சார், நான்தான் அணைப்பேன்" என்று அந்த ஆள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"அப்ப அந்த நோட்டைத் தூக்கிப் போட்டாங்களாக்கா?"

"எங்க? இனிமே மணிக்கொரு தரம் வாட்ச்மேன் செல்போன்ல கூப்பிட்டு, பச்சை எரிஞ்சா டிக் போடணுமாம். அந்த போனையும் நான்தான் எடுக்கணும். அதை விடுங்க. உங்க வேலை?"

"போச்சுக்கா."

அக்கா திட்டினார். "அதை முதல்ல சொல்றதில்லையா? அண்ணனூர்ல எங்க கொழுந்தனார் தண்ணி கேன் போடறார். ஆள் இல்லாம அல்லாடறார். காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க, நான் சொல்லி வைக்கிறேன்."

நின்றேன். ஆறே காலுக்கு வண்டி வந்தது. முதல் நடை அயனம்பாக்கம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. தோளில் ஒரு கேனும் கையில் ஒரு கேனுமாக ஏறினேன்.