கிழக்கு மூலையில் இன்னொரு மெஷின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. 2014 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், திருமதி தர்ட்டிலின் வயலில் எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகப் பழைய காசு தேடுவதுதான் எனக்கும் டெஸ்மண்டுக்கும் பொழுதுபோக்கு. ஆறு வருஷக் கூட்டு. எது கிடைத்தாலும் நிலத்துக்காரருக்குப் பாதி, மீதியில் ஆளுக்குச் சரிபாதி. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கைகுலுக்கியதோடு சரி. கூடப்பிறந்த அண்ணனைவிட அவனை நம்பினேன். அன்று காலை அவன் போன் செய்தபோதும் அப்படித்தான் நம்பினேன்.

"முதுகு புடிச்சுக்கிச்சு ராய். இன்னிக்கு நீ மட்டும் போ. கிழக்கு மூலைய விட்டுடாத."

"அங்க துருப்புடிச்ச ஆணியத் தவிர ஒண்ணும் இல்லைன்னு நீதானடா சொல்லுவ?"

"இப்ப உழுதிருக்காங்க. போய்த்தான் பாரேன்."

ஆறு வருஷமாக என்னை அந்தப் பக்கமே அண்டவிடாதவன். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்... வரவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

மூன்று மணிவரை கிடைத்தது இரண்டு கோட்டுப் பொத்தான், ஒரு ஈயக்குண்டு. மூடுபனி இறங்க ஆரம்பித்தது. 3.50-க்கு வேலியோரமாகக் கிழக்கு மூலைக்கு வந்தேன்.

ஹெட்போனில் கரகரவென்று சத்தம்.

டிடெக்டரோடு அலையும் எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும். ஒரே ரக மெஷின் இரண்டு பக்கம் பக்கமாக வந்தால் ஒன்றின் சிக்னலை ஒன்று கெடுக்கும்; ஹெட்போன் கரகரக்கும். அதனால்தான் நானும் டெஸ்மண்டும் எப்போதும் இருபது தப்படி தள்ளியே நடப்போம்.

அப்படியென்றால், பக்கத்தில் யாரோ மெஷினோடு இருக்கிறார்கள்.

முதுகுவலியாம்! எனக்குத் தெரியாமல் வந்து தோண்டுகிறான்.

"டேய் டெஸ்மண்ட்! முதுகு சரியாப் போச்சாக்கும்?"

கரகர... கரகர...

4.04. பனிக்குள் ஓர் உருவம். மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி. குட்டையான ஆள். டெஸ்மண்ட் ஆறடி.

மண்வெட்டி ஏறி ஏறி இறங்கியது. மண்ணில் குத்தும் சத்தமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றினேன்.

கரகரப்பு நிற்கவில்லை...

தலை மெல்லத் திரும்பியது.

ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. வாய் அசைந்தது. குரல் என் காதுக்குள் கேட்டது.

"போன் பண்ணு டெஸ்..."

ஓடினேன்.

மெஷினை அங்கேயே போட்டுவிட்டு, செருப்படி பட்ட நாய்போல் ஓடி, திருமதி தர்ட்டிலின் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி 4.15. நான் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"சிவப்புத் தொப்பியா? அது வின்ஸோடது. உங்களுக்கு முன்னாடி டெஸ்மண்டு கூட வந்தவரு. ஏழு வருஷம் முன்னாடி, இதே நாள்... அந்த மூலையிலதான் மாரடைப்பு வந்து போயிட்டாரு. டெஸ்மண்டு சொல்லலியா?"

சொல்லவில்லை. எனக்கு முன்னால் தனியாகத்தான் தேடியதாகச் சொல்லியிருந்தான்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். முதுகுவலியின் சுவடே இல்லாமல் நிமிர்ந்து நடந்து வந்துதான் கதவைத் திறந்தான். "சிவப்புத் தொப்பி" என்றேன். அவ்வளவுதான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கொட்டிவிட்டான்.

"பானை நெறைய வெள்ளிக்காசுடா ராய். தூக்கும்போதே வின்ஸ் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தான். நான் மொதல்ல பானையக் கொண்டுபோய்க் கார்ல வெச்சேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"இருபது நிமிஷம்."

"அப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"அன்னைலேர்ந்து அந்தக் கரகரப்பு என் காதுல கேட்டுக்கிட்டே இருக்குடா. தூங்கவிடாது. உன்ன அங்க அனுப்ப இத்தன வருஷமா மனசு வரல, இனி தாங்க முடியல. வின்ஸுக்கு வேற ஜோடி கெடச்சா என்னை விட்டுடுவான்னு நெனச்சேன்..."

"அதுக்குத்தான் ஆறு வருஷமா என்னைக் கூட வெச்சிருந்தியா?"

தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டான். அவன் முகம் தெளிந்தது. பாவி, சிரித்தேவிட்டான்.

"நாலு மணிலேர்ந்து ஒண்ணுமே கேக்கல ராய்."

அப்பாடா என்று எழுந்து டீக்குக் கெட்டிலை வைத்தான். தண்ணீர் கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் காதில் கரகரவென்று வேறு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது.