இருபது மணித்தியாலத்துக்கு ஓம் சொல்லலாமா?

லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு விசா நேர்முகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று, இன்று நண்பன் ரூபனோடு மட்டக்களப்பு புளியந்தீவுக்குப் போனேன். வழியில் இரண்டு இராணுவச் சோதனைச் சாவடிகள்; இரண்டிலும் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, இயக்கத்தில் யாரையும் தெரியுமா என்று கேட்டார்கள்.

பயிற்சி தரும் சேர் விசா அதிகாரிபோல முகத்தை இறுக்கிக்கொண்டு ரூபனிடம் கேட்டார். “அங்க போய் வேலை செய்வீங்களா?”

“இல்ல சேர். வேலை செய்யிற ஆக்களையும் எனக்குத் தெரியாது.”

“தம்பி, படிக்கிற ஆக்கள் கிழமைக்கு இருவது மணித்தியாலம் வேலை செய்யலாம். சட்டமே விடுது. ஓமெண்டு சொல்லுங்க.”

ரூபன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

“ஓமெண்டு சொன்னவன விட்டதா நான் கேள்விப்படல்ல சேர்.”

லண்டனில் இருக்கும் நண்பர்களே, அந்த இருபது மணித்தியாலம் உண்மைதானா? பெயர் போடாமல் பதில் எழுதுங்கள்.